கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

இரவு ஒன்பதரை மணிக்கு ஊருக்குள் நுழையும் கடைசி டவுன் பஸ் அன்றிரவு அங்கேயே தங்கிவிடும். ஊர்க்காரர்கள் அதை ‘ஹால்ட் பஸ்’ என்பார்கள். டிரைவரும் கண்டக்டரும் சீட்டிலேயே துண்டை விரித்துப் படுப்பார்கள். கொசு தாங்கவில்லையென்றால் கோயில் திண்ணைக்கு மாறிக்கொள்வார்கள். விடிகாலை ஐந்து மணிக்கு அதே வண்டி ஹாரன் அடித்துக் கிளம்பும்போது பூக்கூடை, பால் கேன், கீரைக்கட்டு, கட்டட வேலைக்குப் போகிறவர்களின் தூக்குவாளி எல்லாம் அதில் ஏறியிருக்கும். தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் இப்படியொரு பஸ்ஸைப் பார்க்கலாம். பெண் கொடுக்கப்போகும் குடும்பம் மாப்பிள்ளை ஊரைப் பற்றி விசாரிக்கும் விஷயங்களில் ‘பஸ் வசதி உண்டா’ என்பதும் ஒன்று.

அந்த பஸ்ஸை நம்பித்தான் ஊர் வாழ்கிறது. ஆனால், அது ஓடியே தீர வேண்டும் என்று எந்த ஏட்டிலும் எழுதிவைக்கப்படவில்லை. ஓட்ட ஆள் இல்லை, மாற்று வண்டி இல்லை, கலெக்‌ஷன் இல்லை. இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லி நாளைக்கே அதை நிறுத்திவிட முடியும். நிறுத்தினால் ஊர்க்காரர்களுக்கு இருக்கும் ஒரே வழி, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பது.

தமிழ்நாட்டில் சாலைகள் உண்டு; ஏறத்தாழ இருபதாயிரம் அரசுப் பேருந்துகள் உண்டு; மெட்ரோ உண்டு; பெண்களுக்கு இலவசப் பயணம் உண்டு. நகரத்தையும் கிராமத்தையும் சேர்த்துப் பார்த்து, ‘இந்த மாநிலத்தில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்சம் இவ்வளவு போக்குவரத்து உறுதி’ என்று சொல்லும் ஒரு கொள்கைதான் இல்லை. இருக்கும் திட்டங்கள் அனைத்தும் தனித்தனியாக நல்லவை. அவை ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில்தான் பயணி இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது.

பல்லவன் முதல் இன்று வரை

இந்த மாநிலம் பஸ்ஸை வெறும் வியாபாரமாகப் பார்த்ததில்லை. 1972-இல் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. பின்னாளில் கட்டபொம்மன், அண்ணா, திருவள்ளுவர், ஜீவா என்று வரிசை நீண்டது. 1997-இல், தென் மாவட்டங்களில் வெடித்த சாதி மோதல்களையடுத்து, கழகங்களுக்குச் சூட்டப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் மொத்தமாக நீக்கப்பட்டன. ஒரு பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதப்பட்ட பெயருக்காக ஊர்கள் மோதிக்கொண்டன என்றால், பஸ் இங்கே மக்கள் வாழ்க்கையோடு எவ்வளவு பின்னிக் கிடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளலாம்.

இன்று எட்டுக் கழகங்கள் இருக்கின்றன. சென்னைக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம், தொலைதூரத்துக்கு அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம், மற்ற பகுதிகளுக்கு விழுப்புரம், சேலம், கோவை, கும்பகோணம், மதுரை, திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆறு கழகங்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சிறுநகரத்தையும் சிற்றூரையும் இணைத்த பெருமை இவற்றுடையது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 48.4 சதவீதம் பேர் நகரங்களில் வசித்தார்கள். பெரிய மாநிலங்களில் இதுவே அதிகம். ஆனால், அந்த எண்ணிக்கை ஒரு உண்மையை மறைக்கிறது. காலையில் கிராமத்தில் கண்விழித்து, பகலில் நகரத்தில் உழைத்து, இரவில் கிராமத்துக்குத் திரும்புகிறவர்கள் ஏராளம். அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கிராமப் போக்குவரத்து, நகரப் போக்குவரத்து என்று கோப்புகள் பிரிந்திருக்கலாம். பயணம் செய்கிற மனிதர் ஒருவர்தான்.

இலவசம் எந்த பஸ்ஸில்?

2021 மே 7 அன்று முதல்வராகப் பொறுப்பேற்ற மு.க. ஸ்டாலின் கையெழுத்திட்ட முதல் ஐந்து கோப்புகளில் ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். மறுநாளே அது நடைமுறைக்கு வந்தது. திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களின் உதவியாளர்களுக்கும் அதே ஆண்டில் விரிந்தது. ‘விடியல் பயணம்’ என்று இப்போது அழைக்கப்படும் இத்திட்டத்தில் நாளொன்றுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள் நடக்கின்றன. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கண்டது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும், துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் பெண்ணுக்கும் 888 ரூபாய் என்பது ஏறத்தாழ ஒரு சிலிண்டரின் விலை.

டெல்லி இதை 2019-இலேயே தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டுக்குப் பின் கர்நாடகமும் தெலங்கானாவும் 2023-இலும், ஆந்திரம் 2025-இலும் இதே பாதைக்கு வந்தன. நாட்டின் சமூகநலத் திட்டங்களில் மிகச் சிறந்தவற்றில் இது ஒன்று என்பதில் சந்தேகமில்லை. அதனால்தான் அதில் இருக்கும் விரிசலையும் சொல்லியாக வேண்டும்.

சலுகை பயணிக்குக் கொடுக்கப்படவில்லை. பஸ்ஸின் வகைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதுதான் விரிசல். டவுன் பஸ் ஓடும் ஊரில் இருக்கும் பெண்ணுக்குப் பயணம் இலவசம். டவுன் பஸ் எல்லைக்கு அப்பால், புறநகர் பஸ் மட்டுமே நிற்கும் ஊரில் இருக்கும் பெண் முழுக் கட்டணம் கொடுக்கிறார். தனியார் மினி பஸ்ஸை மட்டுமே நம்பியிருக்கும் குக்கிராமத்துப் பெண்ணுக்கும் அதே நிலைதான். மலைப்பகுதிகளில் டவுன் பஸ் என்ற வகையே இல்லாததால் நீலகிரியும் வால்பாறையும் கொடைக்கானலும் முதலில் விடுபட்டுப்போயின. 2024-இல்தான் அந்தக் குறை நீங்கியது. மலைக்குச் செய்த அதே திருத்தத்தைச் சமவெளியின் கடைக்கோடி ஊர்களுக்கும் செய்ய வேண்டும். நகரத்திலிருந்து எவ்வளவு தள்ளி வாழ்கிறாரோ அந்த அளவுக்கு ஒரு பெண்ணின் பயணச் செலவு கூடுகிறது. மாநில அளவில் ஒரு கொள்கை இருந்திருந்தால் முதலில் கவனிக்கப்பட்டிருக்க வேண்டியவர் அவர்தான்.

மினி பஸ் போன வழி

பஸ் போகாத ஊர்களுக்கென்றே 1997-இல் மு. கருணாநிதி ஆட்சியில் மினி பஸ் திட்டம் வந்தது. தனியாருக்கு அனுமதி. மொத்தத் தடம் 20 கிலோமீட்டர். அதில் 16 கிலோமீட்டர் ஏற்கெனவே பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும். மீதி நான்கு கிலோமீட்டர் பஸ் ஓடும் சாலையில் வந்து பெரிய ஊரைத் தொடலாம். நினைப்பு அருமையானது. சிவந்த புழுதிச் சாலையில் சினிமாப் பாட்டோடு வந்து நின்ற அந்தச் சிறிய வண்டி, பல ஊர்கள் பார்த்த முதல் பஸ்.

கணக்குதான் இடித்தது. வருமானம் அந்த நான்கு கிலோமீட்டரில் இருந்தது; செலவு பதினாறு கிலோமீட்டரில் இருந்தது. டீசல் விலை ஏற ஏற, கூட்டம் இல்லாத நேரத்தில் ஊருக்குள் போகாமல் மெயின் ரோட்டிலேயே திரும்பிவிடுவது பல தடங்களில் வழக்கமானது. ஷேர் ஆட்டோவும் மொபெட்டும் இருந்த கொஞ்ச பயணிகளையும் பிரித்துக்கொண்டன. பலர் வண்டியை நிறுத்திவிட்டார்கள். 2024 வாக்கில் ஓடிக்கொண்டிருந்த மினி பஸ்கள் ஏறத்தாழ மூவாயிரம்தான்.

அதைச் சரிசெய்யத்தான் புதிய விரிவான மினி பஸ் திட்டம். 2025 ஜூனில் தஞ்சாவூரில் முதல்வர் ஸ்டாலின் அதைத் தொடங்கிவைத்தார். தடம் 25 கிலோமீட்டர் வரை நீளலாம். அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும். உரிமையாளருக்குச் சற்று மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. ஆனால், அடிப்படை மாறவில்லை. டிக்கெட் காசை நம்பித்தான் வண்டி ஓட வேண்டும். கூட்டமில்லாத மதியம் இரண்டு மணிக்கும், மழை பெய்யும் இரவு எட்டு மணிக்கும் ஊருக்குள் போக அவரை எது தூண்டும்?

அதற்கு ஒரு பதிலைக் கேரளம் 2022-இல் முயன்று பார்த்தது. ‘கிராம வண்டி’ என்று பெயர். பஸ்ஸையும் ஊழியர்களையும் அம்மாநில அரசுப் போக்குவரத்துக் கழகம் கொடுக்கும். டீசல் செலவை ஊராட்சி ஏற்கும். எந்த வழியாக, எத்தனை மணிக்கு என்பதை ஊராட்சியே முடிவுசெய்யும். திருவனந்தபுரம் மாவட்டத்தின் கொல்லயில் ஊராட்சியில் முதல் வண்டி கிளம்பியது. எல்லா ஊராட்சிகளாலும் அந்தச் செலவைத் தாங்க முடியாது என்பது உண்மை. ஆனாலும், ஊரின் நேரத்தை ஊரே தீர்மானிக்கலாம் என்ற அந்த ஒரு அம்சம் எடுத்துக்கொள்ளத் தக்கது.

இறங்கிய பிறகு?

நகரத்தின் பக்கம் வருவோம். சென்னை கோயம்பேடு பேருந்து நிலையம் திறந்தது 2002-இல். அதை ஒட்டி மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது 2015-இல். பதின்மூன்று வருட இடைவெளி. அந்தப் பாடத்தோடு 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. விசாலமான கட்டடம். தென் மாவட்ட பஸ்கள் அங்கே மாற்றப்பட்டன. ஆனால், திறந்த அன்று அதன் அருகே புறநகர் ரயில் நிலையமும் இல்லை, மெட்ரோவும் இல்லை. திருநெல்வேலியிலிருந்து இரவு முழுக்க உட்கார்ந்து வந்த முதியவர், எழும்பூர் கண் மருத்துவமனைக்குப் போக விடியற்காலையில் மூட்டையோடு இன்னொரு பஸ் தேட வேண்டியதாயிற்று.

இன்னொரு உதாரணம், கடற்கரையிலிருந்து கிளம்பும் பறக்கும் ரயில். 2007-இல் அது வேளச்சேரியைத் தொட்டது. அங்கிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர்தான். அப்போதே அது போய்ச் சேர்ந்திருந்தால் புறநகர் ரயிலோடு கைகோத்திருக்கும். சுமார் அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்குகளால் அந்தப் பணி பத்தாண்டுக்கும் மேல் முடங்கிக் கிடந்தது. ரயில் ஓடிக்கொண்டிருந்தது, இணைப்பு மட்டும் இல்லாமல் இருந்தது.

இது தனிப்பட்ட அதிகாரிகளின் தவறு அல்ல. ஒரு தொழிலாளியின் ஒருநாள் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டு வாசலில் தொடங்கும் சாலை ஊரக வளர்ச்சித் துறையுடையது. ஏறும் மினி பஸ்ஸுக்கு அனுமதி தருவது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். அது சேரும் பெரிய சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. மாறி ஏறும் பஸ் போக்குவரத்துக் கழகத்துடையது. ரயில் ஒன்றிய அரசுடையது. மெட்ரோ, ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் நிறுவனம். கடைசியில் நடக்கும் நடைபாதை மாநகராட்சியின் பொறுப்பு. ஒரு பயணத்துக்கு ஏழு வாசல்கள்!

இந்த வாசல்களைச் சேர்க்கத்தான் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். ‘கும்டா’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அதற்கான சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. முதல்வர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். தாமதமானாலும் பலன் தெரிகிறது. 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம். சென்னைக்கு முடிகிறது என்றால், திண்டுக்கல்லுக்கும் தருமபுரிக்கும் ஏன் முடியாது? மாவட்டப் பேருந்து நிலையத்தில் இறங்கும் பயணிக்கும் அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று தெரிய வேண்டும்தானே!

பஸ் வராத இடத்தில் பைக்

பஸ் குறைந்தால் மக்கள் வீட்டில் உட்கார்ந்துவிடுவதில்லை. கடன் வாங்கி டூவீலர் வாங்குகிறார்கள். மாநிலத்தில் பதிவாகியுள்ள வாகனங்களில் பத்தில் எட்டுக்கும் மேல் இருசக்கர வாகனங்கள். இதன் விலை வேறொரு பட்டியலில் தெரிகிறது. 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. நாட்டிலேயே அதிக எண்ணிக்கை இதுதான். 17,884 பேர் உயிரிழந்தார்கள். நாடு முழுவதும் அந்த ஆண்டு சாலையில் இறந்தவர்களில் பத்தில் நான்கு பேருக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். விபத்தைப் பற்றிப் பேசும்போது ஹெல்மெட்டையும் வேகத்தையும் பேசுகிறோம், சரிதான். இரவு ஒன்பது மணிக்கு ஊருக்கு பஸ் இருந்திருந்தால் அந்தப் பையன் பைக்கில் வந்திருப்பானா என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

காலை எட்டரை மணிப் படிக்கட்டுப் பயணமும் இதே கதைதான். பள்ளி, கல்லூரி தொடங்கும் நேரத்துக்கு ஒரே ஒரு பஸ் வந்தால் பிள்ளைகள் தொங்கத்தான் செய்வார்கள். அறிவுரை சொல்வதோடு இன்னொரு ட்ரிப்பையும் விட்டால் பாதிப் பேர் உள்ளே வந்துவிடுவார்கள்.

வசதி கிடைத்தால் மக்கள் எப்படிப் பாய்ந்து பிடித்துக்கொள்வார்கள் என்பதற்கு இதே மண்ணில் சான்று இருக்கிறது. 1991, 92-இல் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், கிராமச் செவிலியர்கள், பால்வாடி ஊழியர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். அண்ணனோ கணவனோ கொண்டுவிட வேண்டும் என்று காத்திருந்த காலம் அங்கே முடிவுக்கு வந்தது. போக்குவரத்து என்பது விடுதலையின் ஒரு பகுதி என்பதைத் தமிழ்நாடு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டது.

தொழிற்சாலைகளும் அதைப் புரிந்துகொண்டிருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் வட்டாரங்களில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வரிசையாகக் கிளம்பும் கம்பெனி பஸ்களைப் பாருங்கள். ஊர் ஊராகப் போய் இளம்பெண்களை ஏற்றி வந்து, இரவில் திரும்பக் கொண்டுபோய் விடுகின்றன. பஸ் ஊருக்குள் வந்தால் பெண்கள் வேலைக்கு வருவார்கள் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

காசு எங்கே போகிறது?

‘கழகங்கள் நஷ்டத்தில் ஓடுகின்றன’ என்ற வாக்கியம் பழகிப்போனது. நஷ்டம் எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கடைசியாகப் பொதுவான கட்டண உயர்வு வந்தது 2018 ஜனவரியில். அப்போது சென்னையில் டீசல் லிட்டர் 65 ரூபாய் அளவில் இருந்தது. பின்னர் 90 ரூபாயைத் தாண்டிவிட்டது. கட்டணத்தை ஏற்றாமல் இருப்பது அரசின் முடிவு. ஏழைகளின் பக்கம் நிற்கும் முடிவு. அப்படியானால் அதன் செலவை அரசு முழுமையாக, உரிய நேரத்தில் கழகங்களுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தாமதமானால் வண்டி பழசாகிறது. ஓய்வுபெற்றவர்களின் பணப்பலன் தேங்குகிறது. காலியான டிரைவர், கண்டக்டர் இடங்கள் நிரம்புவதில்லை. அதன் முதல் விளைவு, கிராமத்து ட்ரிப் ரத்து.

2025-26 பட்ஜெட்டில் விடியல் பயணத்துக்கு ஒதுக்கப்பட்டது 3,600 கோடி ரூபாய். பெரிய தொகைதான். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 532 கோடி. அதாவது மாநிலம் முழுக்கப் பெண்களை ஓராண்டு இலவசமாக ஏற்றிச்செல்ல ஆகும் தொகையில் ஏழு கிலோமீட்டர் மெட்ரோகூடப் போட முடியாது. ஒன்று ஆண்டுதோறும் ஆகும் செலவு. மற்றொன்று நூறாண்டு நிற்கும் கட்டுமானம். நேருக்குநேர் வைத்து ஒப்பிடக் கூடாதுதான். மெட்ரோவும் வேண்டும். மெட்ரோவுக்கு ‘முதலீடு’ என்றும் பஸ்ஸுக்கு ‘நஷ்டம்’ என்றும் இரண்டு அகராதிகள் வைத்திருப்பதைத்தான் மாற்ற வேண்டும்.

என்ன எழுத வேண்டும்?

2006-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களுக்கு அல்ல, மனிதர்களுக்கே சாலையில் முன்னுரிமை என்றது. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், 500 பேருக்கு மேல் வசிக்கும் குடியிருப்புகளுக்குத் தார்ச்சாலையைக் கொண்டுபோனது. நகரத்துக்குக் கொள்கை வந்தது. கிராமத்துக்குச் சாலை வந்தது. அந்தச் சாலையில் எத்தனை மணிக்கு எந்த வண்டி வரும் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

எழுத முடியும். சுவிட்சர்லாந்தில் ஆண்டு முழுவதும் 100 பேர் வசிக்கும் ஊர் என்றாலே அரசு செலவில் பொதுப் போக்குவரத்து பெறத் தகுதி உண்டு. பனி மூடிய மலைக்கும் மஞ்சள் நிற அஞ்சல் பஸ் ஏறுகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் கொல்லிமலைக்கு பஸ் ஓட்டும் நம் டிரைவர்களுக்குத் திறமையில் என்ன குறை? அங்கே சட்டம் எழுதியிருக்கிறது. இங்கே இன்னும் எழுதவில்லை.

தமிழ்நாடு தன் கொள்கையின் முதல் பக்கத்தில் நேரத்தை எழுதட்டும். ஒவ்வொரு ஊருக்கும் விடிகாலையில் முதல் வண்டி, பள்ளி நேரத்துக்கு ஒரு வண்டி, மருத்துவமனை நேரத்துக்கு ஒரு வண்டி, இரவு ஒன்பதுக்குப் பிறகு ஒரு வண்டி. இந்த நான்கும் நிறுத்தக் கூடாதவை என்று இருக்கட்டும். ஊரின் எல்லையில் திரும்பாமல் காலனி வரைக்கும் வண்டி போகட்டும். பல ஊர்களில் பஸ் நிற்கும் இடம் இன்னும் சாதியின் இடமாகவே இருக்கிறது.

இலவசப் பயணம் பஸ்ஸின் வகையைப் பார்க்காமல் பயணிக்குக் கிடைக்கட்டும். மினி பஸ்ஸில் ஏறினாலும் அரசு அந்தக் காசைக் கொடுக்கட்டும். மினி பஸ் உரிமையாளருக்கு டிக்கெட் வருமானத்தோடு, ஊருக்குள் ஓடிய கிலோமீட்டருக்கும் தொகை வழங்கட்டும், ஜி.பி.எஸ். இருக்கும்போது ஓடியதா இல்லையா என்று கணக்கிடுவது கடினமல்ல. சென்னையில் கும்டா செய்வதை மாவட்டந்தோறும் செய்ய ஒரு குழு வேண்டும். அதில் ஊராட்சித் தலைவர்களும், ரயில்வே அதிகாரியும், டிரைவர், கண்டக்டர் சங்கங்களும் உட்கார வேண்டும். தடத்தை நன்கறிந்தவர்கள் அவர்கள்தான். எந்த ட்ரிப் ரத்தானாலும் காரணத்தோடு அன்றே பேருந்து நிலையப் பலகையில் எழுதப்பட வேண்டும்.

இவை எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. பஸ் இருக்கிறது, சாலை இருக்கிறது, ஓட்டுகிற கைகள் இருக்கின்றன. இவற்றைச் சேர்த்துக் கட்டும் ஒரு சட்டமும், அதற்கு ஆண்டுதோறும் தவறாமல் ஒதுக்கும் பணமும்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் அங்கே தீர்மானம் போடுகிறோம். அடுத்த கூட்டத்தில் உங்கள் ஊரின் முதல் பஸ், கடைசி பஸ் நேரத்தையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளிலிருந்து அந்தத் தாள்கள் தலைமைச் செயலகத்துக்குப் போய்ச் சேரட்டும்.